அறிக்கை எழுதும் கை நம்முடையதாக வேண்டும்

சமூக அறிவியல் பட்டதாரிகளுக்கு ஆலோசனைத் துறையில் திறந்திருக்கும் வாசல்கள்

"பி.ஏ. பொருளாதாரம் படிச்சா என்ன வேலை கிடைக்கும்?" பிளஸ் 2 முடிவு வெளிவரும் நாட்களில் நம் காலனிகளில் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். பொருளாதாரம் மட்டுமல்ல, சமூகவியல், வரலாறு, அரசியல் அறிவியல், சமூகப் பணி எதைச் சொன்னாலும் இதே கேள்வி வரும். "டீச்சர் ஆகலாம், இல்லேன்னா குரூப் தேர்வு எழுதலாம்" என்பதே வழக்கமான பதில். இரண்டும் நல்ல வழிகள். ஆனால், மூன்றாவதாக ஒரு வழி இருப்பதை நம் மாணவர்களுக்கு எடுத்துச் சொல்பவர்கள் குறைவு.

சென்னை கோபாலபுரம் என்றால் மறைந்த முதல்வர் கருணாநிதியின் வீடு எல்லோருக்கும் நினைவு வரும். அதே கோபாலபுரத்திலும், பக்கத்தில் ராயப்பேட்டை, ஆழ்வார்பேட்டை தெருக்களிலும் நடந்து பாருங்கள். ஒரு காலத்தில் வீடாக இருந்து இப்போது அலுவலகமாகிவிட்ட கட்டிடங்கள் நிறைய. வாசலில் சிறிய பலகை: ஆடிட்டர், வழக்கறிஞர், கன்சல்டன்ட். அந்தக் கடைசிச் சொல்லைப் பற்றியே இந்த வாரம் பேசுகிறோம்.

ஆலோசனை என்ற தொழில்

கன்சல்டிங் என்பது காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்லும் தொழில். ஒரு நிறுவனமோ அரசுத் துறையோ தொண்டு அமைப்போ ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. அதற்கு முன்பாக வெளியிலிருந்து ஒரு குழுவை அழைத்து, "நிலைமையைப் பார்த்து, ஆய்வு செய்து, என்ன செய்யலாம் என்று சொல்லுங்கள்" என்று கேட்கிறது. குழு களத்துக்குப் போகிறது, ஆட்களிடம் பேசுகிறது, கணக்கு எடுக்கிறது, கடைசியில் ஓர் அறிக்கை கொடுக்கிறது.

இதில் இரண்டு வகை உண்டு. ஒரு கம்பெனி எந்த ஊரில் கிளை திறக்கலாம், தொழிலாளர்கள் ஏன் வேலையை விட்டுப் போகிறார்கள், பொருளை யார் வாங்குவார்கள் என்று பார்ப்பது வணிக ஆலோசனை. ஒரு நலத்திட்டம் உரியவர்களுக்குப் போய்ச் சேர்ந்ததா, ஒரு சாலைக்காக நிலம் எடுத்தால் யார் பாதிக்கப்படுவார்கள், ஒரு தொழிற்சாலையில் பெண்கள் பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார்ப்பது சமூக ஆலோசனை. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள், ஏன் அப்படி நடந்துகொள்கிறார்கள் என்பதைப் படிக்கத் தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொடுக்கும் படிப்புக்குத்தான் சமூக அறிவியல் என்று பெயர்.

"இதில் நமக்கு என்ன?" என்று கேட்கலாம். தமிழ்நாட்டில் 100 பேரில் 20 பேர் பட்டியல் சாதியினர் என்கிறது 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. நம் தெருவுக்கு வரும் தண்ணீர்க் குழாய், நம் பிள்ளைகள் படிக்கும் பள்ளி, நம் பெண்கள் வேலைக்குப் போகும் மில் என எல்லாவற்றைப் பற்றியும் யாரோ ஓர் அறிக்கை எழுதிக்கொண்டேதான் இருக்கிறார்கள். அந்த அறிக்கையை வைத்துத்தான் பணம் ஒதுக்கப்படுகிறது அல்லது ஒதுக்கப்படாமல் போகிறது. எழுதுகிறவர் யார் என்பது சாதாரண விஷயமல்ல.

ஓர் அறிக்கை, 12 லட்சம் ஏக்கர்

அறிக்கைக்கு என்ன வலிமை இருக்கிறது என்று சந்தேகம் வந்தால் பஞ்சமி நிலத்தை நினைத்துப் பாருங்கள். 1891-இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரெமென்ஹீர், அந்த மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு விரிவான குறிப்பு ஒன்றை அனுப்பினார். உழைக்கிற மக்களுக்குச் சாகுபடி நிலம் இல்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை என்பதை விவரங்களோடு எழுதினார். அரசுக்குள் விவாதம் நடந்தது. 1892 செப்டம்பரில் அரசாணை வந்தது. அதன் தொடர்ச்சியாக மாகாணம் முழுவதும் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒதுக்கப்பட்ட நிலம் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது நாம் அறிந்த கணக்கு.

அந்த நிலத்தில் பெரும்பகுதி பிறகு கைமாறிப்போனது வேறு கதை. அதை மீட்பதற்கான போராட்டத்தில் 1994-இல் செங்கல்பட்டுப் பகுதியின் காரணையில் துப்பாக்கிச் சூடு நடந்து, நம்மவர் இருவர் உயிர் விட்டார்கள். ஆனாலும், இன்றும் "இது எங்கள் நிலம்" என்று நீதிமன்றத்தில் வாதாட முடிகிறது என்றால், அதற்கு வேர் 1891-இல் ஓர் அதிகாரி எழுதிய தாள்களில் இருக்கிறது.

கோபாலபுரத்தை ஒட்டியுள்ள ராயப்பேட்டையிலிருந்துதான் 1907-இல் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நம் மக்கள் தங்களை எப்படிப் பதிய வேண்டும் என்று அதற்கு முன்பிருந்தே வாதாடியவர் அவர். கணக்கெடுப்பு என்பது வெறும் எண்ணிக்கை அல்ல, அது அரசியல் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நம்மை எண்ணுகிறவர், நம்மைப் பற்றி எழுதுகிறவர் யார் என்ற கேள்வி இந்தப் பகுதிக்குப் புதிதல்ல.

அம்பேத்கர் தொடங்கிய ஆலோசனைத் தொழில்

நம் இளைஞர்கள் பலருக்குத் தெரியாத ஒரு செய்தி உண்டு. பாபாசாகேப் அம்பேத்கரும் கொஞ்ச காலம் கன்சல்டன்டாக இருந்தார்.

அவர் சமூக அறிவியல் மாணவர். நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தோடு சமூகவியல், வரலாறு, மானுடவியலும் படித்து 1915-இல் எம்.ஏ. பெற்றார். 1916-இல் ஒரு மானுடவியல் கருத்தரங்கில், இந்தியாவில் சாதி எப்படித் தோன்றி இயங்குகிறது என்று கட்டுரை வாசித்தார். 1917-இல் நாடு திரும்பி பரோடா அரசுப் பணியில் சேர்ந்தபோது தங்குவதற்கு இடம் கிடைக்கவில்லை. தங்கியிருந்த விடுதியிலிருந்தும் விரட்டப்பட்டார். பம்பாய்க்குத் திரும்பிய அவர், குடும்பத்தைக் காப்பாற்ற டியூஷன் எடுத்தார். பங்கு, முதலீடு பற்றி வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழிலையும் தொடங்கினார். ஆலோசனை சொல்பவர் தீண்டத்தகாதவர் என்று தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுவிட்டார்கள். தொழில் மூடப்பட்டது.

அவருடைய பொருளாதார அறிவில் குறை இருந்ததா? 1918-இல் சிடன்ஹாம் கல்லூரி அவரைப் பேராசிரியராக நியமித்தது. 1923-இல் ரூபாயின் பிரச்சினை பற்றிய அவருடைய நூல் லண்டனில் வெளியானது. 1925-இல் இந்திய நாணயம் பற்றி ஆராய வந்த ஹில்டன் யங் கமிஷன் முன் அவர் சாட்சியம் அளித்தார். வணிகர்கள் காசு கொடுத்துக் கேட்க மறுத்த ஆலோசனையை ராயல் கமிஷன் உட்கார்ந்து கேட்டது.

இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. ஆலோசனைத் தொழிலில் விற்பனைக்கு இருப்பது அறிவு மட்டுமல்ல, நம்பிக்கையும்தான். "இவர் சொன்னால் சரியாக இருக்கும்" என்று எதிரில் இருப்பவர் நம்ப வேண்டும். சாதி கைவைக்கும் இடமும் அதுதான். அந்தச் சுவர் இன்று முழுவதும் இடிந்துவிட்டது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆனால், அன்று அம்பேத்கருக்கு இல்லாத ஒன்று இன்று இருக்கிறது. ஆலோசனையைக் கட்டாயமாகக் கேட்க வைக்கும் சட்டங்கள் இருக்கின்றன.

சட்டம் உண்டாக்கிய வேலைகள்

சட்டம் வந்தால் வேலை வரும். 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர்கள் உள்ள ஆலைகளில் நல அலுவலர் இருக்க வேண்டும் என்றது. அதன் பிறகு சமூகப் பணி படிப்புக்கு ஒரு மதிப்பு வந்தது. சென்னை எழும்பூரில் உள்ள மெட்ராஸ் சமூகப் பணிக் கல்லூரி 1952-இல் தொடங்கப்பட்டது. கடந்த 20 ஆண்டுகளில் இதுபோல் வந்த சட்டங்களையும் விதிகளையும் மாணவர்கள் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டும்.

சமூகத் தணிக்கை: 2005-ஆம் ஆண்டு நூறு நாள் வேலைச் சட்டம், செலவான பணத்தைக் கிராம சபை முன்வைத்துச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. தமிழ்நாட்டில் இதற்கென்றே தனிச் சங்கம் அமைக்கப்பட்டது. வேலை அட்டை, வருகைப் பதிவேடு, கூலிப் பட்டுவாடா மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்கத் தெரிந்தவர்கள் இங்கே உருவானார்கள். இந்தப் பயிற்சி எந்தத் திட்டத்துக்கும் பொருந்தும்.

சமூகத் தாக்க மதிப்பீடு: 2013-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுப்பதற்கு முன் யாருக்கு என்ன பாதிப்பு என்று ஆய்வு செய்து, மக்களிடம் கருத்துக் கேட்க வேண்டும். கூலித் தொழிலாளி, குத்தகைதாரர் உட்பட நிலம் இல்லாதவர்களின் பாதிப்பும் இதில் சேரும். அந்த ஆய்வைப் பரிசீலிக்கும் குழுவில் அரசு சாராத சமூக அறிவியலாளர் இருவர் இடம்பெற வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் தமிழ்நாட்டில் நெடுஞ்சாலை, தொழில் நோக்கம், ஆதிதிராவிடர் நலத்திட்டம் ஆகியவற்றுக்கான மூன்று மாநிலச் சட்டங்களின் கீழ் எடுக்கப்படும் நிலத்துக்கு விலக்கு கொடுக்கப்பட்டது. 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. ஆகவே இந்த வாசல் இங்கே பாதிதான் திறந்திருக்கிறது. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி கடன் கொடுக்கும் திட்டங்களில் அந்த வங்கிகளின் விதிப்படி தனியாகச் சமூக ஆய்வு செய்ய வேண்டும். அந்த வேலை தொடர்ந்து இருக்கிறது.

சி.எஸ்.ஆர். நிதி: 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ வரவு செலவோ உள்ள கம்பெனிகள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. ஆண்டுக்குச் சராசரியாக 10 கோடி ரூபாய் அல்லது அதற்கு மேல் இப்படிச் செலவிடும் கடமை உள்ள கம்பெனிகள், 1 கோடிக்குக் குறையாத திட்டங்களின் பலனை வெளியாட்களைக் கொண்டு மதிப்பிட வேண்டும் என்று 2021-இல் விதி வந்தது. சமூகத்திலும் பொருளாதாரத்திலும் பின்தங்கிய மக்களுக்கான ஏற்றத்தாழ்வைக் குறைப்பது இந்த நிதிக்கு அனுமதிக்கப்பட்ட செலவினங்களில் ஒன்று என்பதையும் மறக்க வேண்டாம்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்பு: 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடங்களில் உள்ளகக் குழு வேண்டும், அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினரும் வேண்டும். குழுவுக்குப் பயிற்சி கொடுப்பது, வெளி உறுப்பினராக இருப்பது ஆகியவை சமூகப் பணியும் பெண்ணியமும் படித்த பெண்கள் செய்யும் ஆலோசனைப் பணி.

கம்பெனிகளின் பொறுப்பு அறிக்கை: பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட முதல் 1,000 கம்பெனிகள், தொழிலாளர் கூலி, புகார்கள், சுற்றுச்சூழல் பற்றி ஆண்டுதோறும் அறிக்கை தர வேண்டும் என்று செபி 2022-23 நிதியாண்டிலிருந்து கட்டாயமாக்கியது. இந்த விவரங்களைத் திரட்டவும் எழுதவும் ஆள் தேவை.

திண்டுக்கல் காட்டிய பாடம்

சட்டமும் விதியும் இருந்தால் போதுமா? திண்டுக்கல்லில் நடந்ததைப் பார்ப்போம்.

ஏற்றுமதி ஆடைத் தொழிற்சாலைகளை வெளிநாட்டுப் பிராண்டுகளின் சார்பில் தணிக்கையாளர்கள் வந்து பார்ப்பது பல ஆண்டுகளாக நடக்கிறது. கழிவறை இருக்கிறதா, தீயணைப்பான் இருக்கிறதா, பதிவேடு சரியா என்று பட்டியலில் குறி போட்டுக்கொண்டு போவார்கள். 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் அப்படியொரு ஏற்றுமதித் தொழிற்சாலையில் வேலை செய்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். வேலையிடத்தில் தொல்லை கொடுத்துவந்ததாகச் சொல்லப்பட்ட மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். குறி போட்ட தாள்களில் இந்தத் தொல்லை எங்கும் பதிவாகியிருக்கவில்லை.

அதை வெளியே கொண்டுவந்தது, தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம். உள்ளே யார் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள், எந்த ஷிப்டில் எந்த மூலையில் என்ன நடக்கிறது, புகார் சொன்னால் ஊரில் என்ன பேச்சு வரும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவர்கள் தொடர்ந்து போராடியதால் 2022-இல் அந்த உற்பத்தி நிறுவனத்தோடும், எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பிராண்டுகளோடும் ஒப்பந்தம் ஏற்பட்டது. திண்டுக்கல் ஒப்பந்தம் என்று உலகம் முழுவதும் பேசப்படுகிறது. பாலினம், சாதி அடிப்படையிலான வன்முறையைத் தடுப்பதற்குத் தொழிலாளர்களே தளத்தில் கண்காணிப்பாளர்களாக இருக்கும் முறையை அது கொண்டுவந்தது.

ஆலோசனைத் துறைக்கு வரும் நம் மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வெளியிலிருந்து வந்தவர்களின் பட்டியலில் இல்லாத கேள்வி, உள்ளே இருந்தவர்களுக்குத் தெரிந்திருந்தது. எதைக் கேட்க வேண்டும் என்று தெரிவதுதான் இந்தத் தொழிலின் முதல் தகுதி.

நம் கையில் இருக்கும் முதல்

ஆய்வுக்கு வருகிறவர் வழக்கமாக என்ன செய்கிறார்? ஊராட்சி அலுவலகத்தில் இறங்குகிறார். தலைவரைப் பார்க்கிறார். தார்ச்சாலை ஓரமாக உள்ள வீடுகளில் கேட்கிறார். காலனிக்குப் போகும் மண் பாதைக்கு வருவதற்குள் இருட்டிவிடுகிறது. பிரிட்டன் அறிஞர் ராபர்ட் சேம்பர்ஸ் 1983-இல் எழுதிய நூலில், வளர்ச்சித் துறை நிபுணர்களின் கண் சாலையோரத்தைத் தாண்டுவதில்லை என்று இதைத்தான் விளக்கினார். 1970-களில் நம் வட ஆற்காடு மாவட்டத்திலும் களஆய்வு செய்தவர் அவர்.

"உங்கள் ஊரில் குடிநீர்த் தொட்டி உண்டா?" என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "உண்டு" என்று பதில் வரும். தொட்டி ஊரில் இருக்கிறதா, காலனியில் இருக்கிறதா? யார் திறந்துவிடுகிறார்? காலனிக்குக் குழாயில் தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது? இதையெல்லாம் கேட்கத் தோன்றுவது, அந்தக் குழாயடியில் குடத்தோடு நின்றவருக்குத்தான். 2022 டிசம்பரில் வேங்கைவயலில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதே, அந்த ஊர்ப் படிவத்திலும் "தொட்டி உண்டு" என்றுதான் இருந்திருக்கும்.

படித்த மாணவர் தன் ஊரையே ஆய்வு செய்யும் மரபும் சென்னைக்குப் பழையது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916-இல் தம் மாணவர்களைச் சொந்த ஊருக்கு அனுப்பி, நிலம், கூலி, கடன் எல்லாவற்றையும் எழுதி வரச் சொன்னார். அந்த ஆய்வுகள் 1918-இல் நூலாக வந்தன. அதில் ஒன்றான விழுப்புரம் பகுதி இருவேல்பட்டு, பிறகு பலமுறை மறுஆய்வு செய்யப்பட்டது. 2008 வரையிலான மாற்றங்களை எழுதியவர்களில் ஒருவரான ஜெயரஞ்சன், 2021-இல் தமிழ்நாடு மாநிலத் திட்டக்குழுவின் துணைத் தலைவரானார். கிராமத்தைப் படித்தவர் மாநிலத்துக்கே ஆலோசனை சொல்லும் இடத்துக்கு வர முடியும் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். 1916-இல் கல்லூரிக்குள் யாரெல்லாம் இருந்திருப்பார்கள் என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். ஊர் எந்தத் தெருவிலிருந்து பார்க்கப்பட்டிருக்கும் என்பது புரிந்துவிடும்.

படிவத்தோடு நின்றுவிடாதீர்கள்

இங்கே ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். இந்தத் துறையில் நம் பிள்ளைகள் நுழைவது பெரும்பாலும் களப்பணியாளராக. டேப்லெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கும் வேலை. அது நல்ல தொடக்கம். கொரோனாவுக்குப் பிறகு தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் சுமார் 19 ஆயிரம் குழந்தைகளின் கற்றல் இழப்பைக் கார்த்திக் முரளிதரன் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் ஆய்வு செய்தார்கள். பள்ளி திறந்த 6 மாதத்தில் இழப்பில் மூன்றில் இரண்டு பங்கு ஈடுகட்டப்பட்டது, அந்த மீட்சியில் சுமார் 24 சதவீதம் 'இல்லம் தேடிக் கல்வி'யால் வந்தது என்று அந்த ஆய்வு சொன்னது. இதுபோன்ற முடிவுகளுக்குப் பின்னால், வெயிலில் நடந்து குழந்தைகளுக்குத் தேர்வு வைத்த களப்பணியாளர்கள் இருக்கிறார்கள்.

ஆனால், படிவம் நிரப்புவது ஒருவர், கேள்வி வகுப்பது வேறொருவர், அறிக்கையில் பெயர் வருவது மூன்றாமவர் என்ற பிரிவு இந்தத் துறையில் உண்டு. சாதி, மொழி, படித்த கல்லூரி மூன்றும் சேர்ந்து யார் எங்கே நிற்பது என்று தீர்மானிக்கின்றன. "கள அனுபவம் உள்ளவர்" என்று பாராட்டியே நம்மைக் களத்தில் நிறுத்திவிடுவார்கள். தலித் பிரச்சினை என்றால் மட்டும் கூப்பிடுவார்கள். அம்பேத்கர் ரூபாயைப் பற்றிப் பேசியவர். நாமும் வங்கி, போக்குவரத்து, மின்சாரம் என எதைப் பற்றியும் அறிக்கை எழுதலாம்.

மேலே ஏறுவதற்கு நான்கு திறன்கள் வேண்டும். முதலாவது எண். எக்ஸெல்லில் அட்டவணை போட்டு, சதவீதமும் சராசரியும் எடுத்து, அது என்ன சொல்கிறது என்று விளக்கத் தெரிய வேண்டும். அதற்கு மேல் 'ஆர்' என்ற புள்ளிவிவர மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. இரண்டாவது எழுத்து. 40 பக்கத்தில் உள்ளதை 2 பக்கத்தில் சொல்லப் பழக வேண்டும், தமிழிலும் ஆங்கிலத்திலும். ஆங்கிலம் சரளமாகப் பேச வராது என்று தயங்குபவர்கள், தெளிவாக எழுதுவதிலிருந்து தொடங்கலாம். மூன்றாவது கேட்கும் திறன். எதிரில் இருப்பவர் சொல்லாமல் விட்டதையும் கவனிக்க வேண்டும். நான்காவது சட்டமும் அரசாணையும். மேலே சொன்ன சட்டங்களின் மூலத்தை ஒருமுறையாவது படித்தவருக்கும், கேள்விப்பட்டவருக்கும் உள்ள வித்தியாசம் நேர்காணலில் தெரிந்துவிடும்.

எங்கே படிப்பது, எப்படிச் சமாளிப்பது

சென்னையில் சமூக அறிவியல் படிக்க இடங்கள் குறைவில்லை. கோபாலபுரத்தை ஒட்டி கதீட்ரல் சாலையில் ஸ்டெல்லா மாரிஸ், அண்ணா சாலையில் அரசு காயிதே மில்லத் மகளிர் கல்லூரி, கடற்கரைச் சாலையில் மாநிலக் கல்லூரி, சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகம், எழும்பூரில் மெட்ராஸ் சமூகப் பணிக் கல்லூரி இருக்கின்றன. ஆய்வுப் பட்டத்துக்கு அடையாறில் 1971-இல் மால்கம் ஆதிசேஷையா தொடங்கிய வளர்ச்சி ஆய்வு நிறுவனம். வெளிமாநிலத்தில் மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம், பெங்களூரு அசிம் பிரேம்ஜி பல்கலைக்கழகம். வெளியூரிலிருந்து சென்னைக்கு வரும் ஆதிதிராவிடர் மாணவர்களுக்குச் சைதாப்பேட்டை எம்.சி. ராஜா விடுதி போன்ற அரசு விடுதிகள் உண்டு; இவற்றை இப்போது சமூகநீதி விடுதி என்கிறோம்.

குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு. முழுநேர முனைவர் பட்ட மாணவர்களுக்கு மாநில அரசு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை தருகிறது. வெளிநாட்டு முதுநிலைப் படிப்புக்கு மாநில அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தில் 36 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். சமூக அறிவியலும் அதில் சேரும். மத்திய அரசின் தேசிய அயலகக் கல்வி உதவித்தொகையிலோ, இந்தியப் பண்பாடு, வரலாறு, இந்தியச் சமூகம் பற்றிய ஆய்வுகளுக்கு உதவி இல்லை என்று 2022-இல் விதி போட்டார்கள். கொலம்பியாவில் இந்தியச் சாதியைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வாசித்த அம்பேத்கருக்கு அந்த விதிப்படி இடம் இருந்திருக்காது. விண்ணப்பிக்கும் முன் அந்த ஆண்டின் விதிகளை வரிவரியாகப் படித்துவிடுங்கள்.

அனுபவம் பெற நினைப்பவர்கள், 2022-இல் தொடங்கிய தமிழ்நாடு முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டத்தைக் கவனிக்க வேண்டும். அரசுத் துறைகளோடு இரண்டு ஆண்டு வேலை, மாத ஊதியம், கூடவே பொதுக்கொள்கைப் படிப்பு. கலைப் பாடத்தில் முதல் வகுப்பில் முதுநிலை முடித்தவர்கள் விண்ணப்பிக்கலாம். தமிழ் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு வயது வரம்பில் தளர்வு உண்டு.

நாலைந்து ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு சொந்தமாக நிறுவனம் தொடங்கவும் வழி இருக்கிறது. மாநில அரசு 2023-இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மூலதன மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. சேவைத் தொழில்களும் இதில் வரும். மத்திய அரசு நிறுவனங்கள் சிறு, குறுந்தொழில்களிடமிருந்து வாங்குவதில், ஆண்டுக் கொள்முதலின் 4 சதவீதம் பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு என்பது 2012 கொள்முதல் கொள்கை. பொருள்களுக்கு மட்டுமல்ல, சேவைக்கும் இது பொருந்தும். உத்யம் பதிவு இருந்தால்தான் இதைக் கேட்டு வாங்க முடியும்.

இந்த மாதமே தொடங்கலாம்

சாதிக் கணக்கெடுப்போடு சேர்ந்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-இல் முடிய இருக்கிறது. அந்த எண்கள் வெளிவரும்போது அவற்றைப் படித்து விளக்குவதற்கு ஏராளமானவர்கள் தேவைப்படுவார்கள். நம் மக்களின் எண்களை நமக்கே வேறு யாராவது விளக்கும் நிலை வரக் கூடாது.

கல்லூரியில் இருக்கும் மாணவர்கள் இந்த விடுமுறையில் ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் காலனியில் 50 வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் எத்தனை மணிக்கு வருகிறது, பட்டா யார் பெயரில் இருக்கிறது, பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகள் எத்தனை பேர், கூலி எவ்வளவு, கடன் யாரிடம் என்று பத்துக் கேள்விகள் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். பெயர்களை வெளியிடாதீர்கள். அட்டவணையாக்கி, ஐந்து பக்கத்தில் எழுதுங்கள். ஒரு படியை அடுத்த கிராம சபையில் கொடுங்கள். இன்னொரு படியை வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இணையுங்கள். கோபாலபுரத்து அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், "அனுபவம் உண்டா?" என்று கேட்டால், எடுத்துக் காட்டுவதற்கு உங்கள் பெயர் போட்ட ஓர் அறிக்கை இருக்கும்.